வெள்ளப் பணிக்கு விருப்பப்பட்டுப் போக அரசு ஊழியருக்கு என்ன வழி? ஆணையா, லீவா?

சத்துவாச்சாரி இளநிலை:
வணக்கம். வேலூரில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கல்லூரியில் என்.எஸ்.எஸ்.சில் இருந்தபோது வெள்ள மீட்பு, முதலுதவி இரண்டுக்கும் பயிற்சி எடுத்தவள், நீச்சல் தெரியும். ஃபெஞ்சல் புயல் சமயத்தில் விழுப்புரம் பக்கம் போய் முகாமில் வேலை செய்யலாம் என்று அலுவலகத்தில் கேட்டேன். கண்காணிப்பாளர், "சி.எல். (தற்செயல் விடுப்பு) எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, யார் வேணாம்னது" என்றார். பக்கத்து சீட்டு அண்ணன், "சி.எல்.ல போய் கால் ஒடஞ்சா யார் பாக்கறது, போகாத" என்றார். கடைசியில் போகவில்லை. இந்த வருட மழைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுப்பணி மாதிரி ஆணை கேட்டு வாங்க முடியுமா? சொந்த சி.எல். கணக்கில் கழியாத சிறப்புத் தற்செயல் விடுப்பு கிடைக்குமா? ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து போனால் நடத்தை விதியில் மாட்டுவோமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைச் சொல்ல வேண்டாம், அது எங்கள் அலுவலகத்திலேயே நிறைய கிடைக்கிறது.

பழைய தாசில்:
அம்மா, ஒரே கேள்வி மாதிரி கேட்டிருக்கிறீர்கள், உள்ளே இரண்டு இருக்கிறது. அரசு உங்களை அனுப்புவது ஒன்று, நீங்களாகப் போவது இன்னொன்று. இறங்கிச் செய்கிற வேலையில் வித்தியாசம் இருக்காது, அதே சேறு, அதே பொட்டலம். ஆனால் சம்பளம், படி, விபத்து, பொறுப்பு எல்லாம் இந்த இரண்டில் எது என்பதை வைத்துத்தான் முடிவாகும்.

அரசு அனுப்புவதற்கு ஆதாரம் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதில் 25ஆம் பிரிவின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தலைவர் கலெக்டர். 33ஆம் பிரிவின்படி அந்த ஆணையம் மாவட்டத்தில் இருக்கிற எந்த அலுவலருக்கும், எந்தத் துறைக்கும், எந்த உள்ளாட்சிக்கும் உத்தரவு போடலாம், போட்டால் செய்தே ஆக வேண்டும். "நான் கூட்டுறவு, வெள்ளம் வருவாய்த்துறை பார்க்கட்டும்" என்று ஒதுங்க வழியில்லை. நியாயமான காரணம் இல்லாமல் உத்தரவுக்கு இணங்க மறுத்தால் 51ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். அதனால் உயிர் போனால் இரண்டாண்டு வரை. பணி ஒப்படைக்கப்பட்ட அலுவலர் பாதியில் விலகுவதற்கு 56ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோ சட்டப்படியான காரணமோ இருந்தால்தான் தப்பிக்கலாம். எதிர்ப்பக்கம் 73ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்கு வழக்கில் இருந்து பாதுகாப்பு. அதாவது ஆணை வாங்கினால் பாதுகாப்பும் வரும், பொறுப்பும் வரும். சேவை மனப்பான்மையில் பேர் கொடுத்தேன், பிடிக்கவில்லை, சாயங்காலம் பஸ் ஏறுகிறேன் என்பது நடக்காது.

இன்னொன்று, வேலூர் கலெக்டர் 33ஆம் பிரிவில் போடும் உத்தரவு வேலூர் மாவட்டத்துக்குள்தான். விழுப்புரத்துக்கு ஆள் வேண்டும் என்றால் அரசு மட்டத்திலோ துறைத் தலைவர் மட்டத்திலோ கேட்பார்கள், இங்கே பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகும் தெரியுமா? ராத்திரி போன் வரும், காலைக்குள் பெயர் வேண்டும் என்பார்கள், யார் சீட்டில் வேலை குறைவு, யார் எதிர்த்துப் பேச மாட்டார் என்று பார்த்துப் பத்துப் பெயர் எழுதுவார்கள். நீச்சல் தெரிந்தவர் இங்கே உட்கார்ந்திருப்பார், சுகர் இருக்கிறவர் போய் முழங்கால் தண்ணீரில் நிற்பார். நான் இருந்த காலத்தில் நடந்தது, இப்போதும் பெரிதாக மாறியிருக்கும் என்று நம்பவில்லை. அதனால் உங்களைப் போன்றவர் புயல் வந்த பிறகு கேட்கக் கூடாது. செப்டம்பரிலேயே விருப்பக் கடிதம் எழுதி, அலுவலகத் தலைவர் வழியாக, கலெக்டர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஒரு நகல் போட்டுவிட வேண்டும்.

பாலாத்து மணல்:
தாசில் ஐயா சொல்வது எல்லாம் சரி, ஆனால் தண்ணி ஆணை வரும்வரை நிற்குமா? 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது விரிஞ்சிபுரம் தரைப்பாலம் போனதை நேரில் பார்த்தவன் நான். அதே மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட 9 பேர் செத்தார்கள். முதலில் ஓடி வந்து மண்ணைத் தோண்டுகிறவன் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன்தான், அவன் பையில் எந்த ஆணையும் இருக்காது. ஊருக்கு உதவ காகிதம் வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அரசு ஊழியனை ஊரில் இருந்து பிரித்துவிட்டோம்.

பழைய தாசில்:
மணல் தம்பி, உங்கள் தெருவில் வீடு இடிந்தால் எந்த விதியும் உங்களைத் தடுக்கவில்லை, யாரும் மெமோ கொடுக்கவும் மாட்டார்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போக முடியாவிட்டால் போனில் சொல்லிவிடுங்கள், பிறகு வி.ஏ.ஓ.விடமோ ஆர்.ஐ.யிடமோ (வருவாய் ஆய்வாளர்) இந்த இடத்தில் இந்த வேலையில் இருந்தார் என்று ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள், முடிந்தது. அந்தப் பெண் கேட்பது நூறு மைல் தள்ளி இன்னொரு மாவட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கி வேலை செய்வது. அதற்கும் இதற்கும் ஒரே பதில் சொன்னால் மாட்டிக்கொள்ளப் போவது அந்தப் பெண்தான்.

காட்பாடி அஞ்சல்:
நான் மத்திய அரசு, அஞ்சல் துறை. எங்களுக்கு 1964 சி.சி.எஸ்., அதாவது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள். தொண்டு அமைப்போடு போகலாமா என்று கேட்டீர்கள் இல்லையா, எங்கள் 15ஆம் விதியில் சமூகப் பணி, அறப்பணி போன்றவற்றைச் சம்பளம் வாங்காமல் செய்ய முன் அனுமதி தேவையில்லை, அலுவலக வேலை கெடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆனால் 12ஆம் விதியைப் பலர் படிப்பதே இல்லை. நன்கொடை திரட்டுவது, பணமாக இருந்தாலும் சரி பொருளாக இருந்தாலும் சரி, அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உண்டியல் வைத்துக்கொண்டு நிற்பதும், அலுவலகத்தில் ஆளுக்கு 500 என்று வாட்ஸ்ஆப்பில் கேட்பதும் இரண்டும் இதற்குள் வந்துவிடும். போய் வேலை செய்தால் ஒன்றும் இல்லை, வசூல் செய்தால் விளக்கம் கேட்பார்கள். வேடிக்கைதான், ஆனால் காரணம் இருக்கிறது. அரசு முத்திரையை வைத்து வசூல் பண்ணினால் கொடுக்கிறவன் விருப்பப்பட்டா கொடுக்கிறான்? மாநில அரசுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தனி, உங்கள் விதியை உங்கள் எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டில் வாங்கிப் படித்துவிடுங்கள், என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் பேனர். வேனில் கட்சிக் கொடியோ தலைவர் படமோ இருந்தால் ஏறவே ஏறாதீர்கள். உள்ளே இருப்பது பால் பாக்கெட்டாகவே இருக்கட்டும், போட்டோவில் உங்கள் தலைக்கு மேல் தெரிவது கொடிதான், அரசியல் செயல்பாடு என்று எவனாவது ஒரு புகார் எழுதினால் போதும். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அமைப்பாக இருந்தால் அவர்களிடம் இருந்து எதையும் உங்கள் பெயரில் வாங்காதீர்கள், அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை 2010ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

பக்கத்து சீட்டு அண்ணன் சொன்ன கால் உடையும் விஷயம் சரியான பயம். மத்திய அரசில் பணியில் இருக்கும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 25 லட்சம் கருணைத்தொகை 2016 முதல் இருக்கிறது. ஆனால் உண்மையான அலுவல் பணியில் இருந்தார் என்று காட்ட வேண்டும். சி.எல்.லில் போனவர் சட்டத்தின் கண்ணில் வீட்டில் இருந்தவர். குடும்பம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும்.

மின்வாரிய கேங்:
தங்கச்சி, நான் மின்வாரியத்தில் வயர்மேன். எங்களுக்கு இது புதிதில்லை, புயல் என்றால் லாரி ஏற வேண்டியதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது, அடுத்து இங்கிருந்து வேதாரண்யம் பக்கம் போனோம். டெல்டாவில் லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்து கிடந்தது. வயலில் லாரி இறங்காது, கிரேன் வராது, கம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தோம். எங்களிடமும் முதலில் "விருப்பம் உள்ளவங்க பேர் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். விருப்பம் போதாதபோது பட்டியல் வந்தது. விருப்பமும் கட்டாயமும் ஒரே லாரியில்தான் போனோம், தின்ற சோறும் ஒன்று.

நீங்கள் விதி கேட்கிறீர்கள், எனக்குத் தெரிந்தது தொழில். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏறும் முன் படியுங்கள். எங்கே, யாரிடம் ரிப்போர்ட் பண்ண வேண்டும், எந்தத் தேதி வரை, தங்கும் இடம் யார் பொறுப்பு. எங்கள் ஆணையில் "மறு உத்தரவு வரும்வரை" என்று இருந்தது, அந்த மறு உத்தரவு வருவதற்குள் வீட்டில் என் தங்கை கல்யாண நிச்சயம் முடிந்துவிட்டது. அங்கே ரிப்போர்ட் பண்ண வேண்டிய அதிகாரி வேறொரு செக்‌ஷனில் இருந்தார், யாரைக் கேட்டாலும் "இன்னா பேப்பர் இது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு உதவிப் பொறியாளர் நோட்டில் எங்கள் பேரை எழுதி தினம் கையெழுத்து வாங்கினார். திரும்பி வந்து பயணப்படி பில் போட்டபோது அந்த நோட்டின் நகல்தான் சோறு போட்டது.

நீங்கள் மின்சார வேலைக்குப் போக மாட்டீர்கள், இருந்தாலும் முகாமில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது, கரண்ட் இல்லாத ஊரில் கீழே கிடக்கிற கம்பி செத்த கம்பி என்று நினைக்காதீர்கள். யாராவது கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டு மெயினை ஆஃப் பண்ணாமல் விட்டிருப்பான், அது திரும்பி லைனுக்கு வரும். நாங்கள் லைன் கிளியர் (லைனை நிறுத்தியாச்சு என்ற அனுமதி) வாங்கி, எர்த் பண்ணிவிட்டுத்தான் தொடுவோம். அப்படியும் பயம்தான்.

அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும். நிவாரணம் வராத ஊரில் அரசு வண்டியைப் பார்த்தாலே ஜனங்களுக்குக் கோபம் வரும், கஜாவில் வண்டிகளைக் கொளுத்தினார்கள். அதே ஊரில் நாங்கள் கம்பம் தூக்குவதைப் பார்த்துவிட்டு நீராகாரம் கொண்டு வந்து கொடுத்ததும் உண்டு.

கோட்டை வெளி:
சிறப்புத் தற்செயல் விடுப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே? மத்திய அரசில் ரத்த தானத்துக்கு வருடத்தில் நாலு தடவை வரை தருகிறார்கள். ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தால் லீவு இருக்கிறது, ஒரு வாரம் வெள்ளத்தில் நின்றால் சொந்த லீவா?

காட்பாடி அஞ்சல்:
அந்தக் கோபம் நியாயம். சி.எல். எங்களுக்கு வருடத்துக்கு 8, மாநிலத்துக்கு 12, அதை வெள்ளத்தில் விட்டால் டிசம்பரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன பண்ணுவது? ஊர்க்காவல் படை, குடிமைப் பாதுகாப்பு மாதிரி சட்டப்படி அமைந்த படையில் உறுப்பினராக இருந்து அழைப்பு வந்தால் மத்திய அரசில் சிறப்புத் தற்செயல் விடுப்புக்கு வழி இருக்கிறது. குடிமைப் பாதுகாப்புச் சட்டம் 1968இல் போர்க்காலத்தை மனதில் வைத்து வந்தது, 2009 திருத்தத்தில் பேரிடர் மேலாண்மையையும் சேர்த்தார்கள். அதனால் ஒவ்வொரு புயலுக்கும் தனியாக லீவு கேட்டு நிற்பதைவிட, துறை அனுமதியோடு முன்கூட்டியே அப்படி ஒரு அமைப்பில் சேர்ந்துவிடுவது நல்லது. தொண்டு அமைப்பின் பனியனுக்கு அந்த மரியாதை கிடைக்காது, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும்.

குடியாத்தம் டீச்சர்:
எங்கள் கதை வேறு, நாங்கள் எங்கேயும் போக வேண்டாம், வெள்ளம் எங்கள் பள்ளிக்கே வரும். கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையோரத்து மக்கள் பள்ளிக்கூடத்தில், திருமண மண்டபத்தில். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முகாம் பொறுப்பு மாதிரி ஆகிவிடும். சமையலுக்கு சத்துணவு அமைப்பாளர், உதவியாளர்கள், அவர்களை யாரும் தன்னார்வலர் என்று சொல்வதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி ஊற்றுகிறவர்கள் அவர்கள்தான். ஆசிரியருக்காவது பணியில் இருந்ததாக எழுதித் தருகிறார்கள், சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருக்கிற அந்த அம்மாக்களுக்கு ஒரு நன்றியோடு சரி.

இளநிலை தங்கைக்கு ஒரு யோசனை, பெண்கள் போவதாக இருந்தால் இரண்டு பேராவது சேர்ந்து ஒரே ஆணையில் போங்கள். முகாமில் பெண்கள் கேட்பது நாப்கின், மறைவான கழிப்பிடம், பால் கொடுக்க ஒரு மூலை. ஆண் அலுவலரிடம் கேட்க மாட்டார்கள், மூன்று நாள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பார்கள். படகில் ஏறுவதற்கு அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியனே இருக்கிறது, அந்த வேலையை அவர்கள் பார்ப்பார்கள், தெரியாத ஆளைப் படகில் ஏற்றவும் மாட்டார்கள். நீச்சல் தெரியும் என்பதைவிட பதிவேடு எழுதத் தெரியும் என்பதுதான் அங்கே உங்களைக் காப்பாற்றும், எந்தக் குடும்பம் எந்த ஊர், யாருக்கு மாத்திரை தொடர வேண்டும், ரேஷன் கார்டு தண்ணீரில் போனவர் யார், இதற்குத்தான் ஆள் கிடைக்காது.

பாலாத்து மணல்:
டீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆணை விஷயத்தில் இன்னும் இல்லை.

கன்சால்பேட்டை:
மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் பக்கம் இருந்து பேசுகிறேன். நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் எங்கள் வீட்டிலேயே தண்ணீர். வீட்டைத் துடைக்கும் முன் அடுத்த மாவட்டத்துக்கு லாரியில் ஏறச் சொல்வார்கள். இங்கே நீங்கள் எல்லாரும் ஆணை, பயணப்படி என்று பேசுகிறீர்கள், எங்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தம். மேஸ்திரி வந்து பேர் வாசிப்பார், அதுதான் ஆணை. வரமாட்டேன் என்றால் அடுத்த மாதம் வேலை இருக்குமா தெரியாது. இதில் விருப்பம் எங்கே வந்தது? அடிபட்டால் மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் போனை எடுக்க மாட்டார். கையுறை போன தடவை வந்தது, பூட்ஸ் வந்தது ஒரே சைஸ். 

மின்வாரிய கேங்:
தோழர், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் வேலையில் பட்ட காயம் என்று காட்ட முடியும், ஊர் எதுவாக இருந்தாலும். அதற்கு அன்றைக்கு நீங்கள் அங்கே வேலையில் இருந்ததாக ஒரு பதிவு வேண்டும். மேஸ்திரி வாசிக்கிற அந்தப் பேர்ப் பட்டியலை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லாரி நம்பரோடு. எங்கள் கேங்கில் இருந்த ஒப்பந்தப் பையன் ஒருவனுக்கு அப்படி ஒரு படம்தான் உதவியது.

பழைய தாசில்:
கன்சால்பேட்டை சொன்னதற்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. அதே பேரிடர் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு தன் அலுவலர்களையும் ஊழியர்களையும் பேரிடர் பணிக்குப் பயிற்றுவிக்க வேண்டும். பயிற்சி கேட்டு சங்கத்தின் மூலம் எழுதுங்கள், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மழை முடிந்த சகதியில் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பெரிய ஆபத்து, 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு பரவியது அதுதான். காலில் வெட்டுக்காயத்தோடு இறங்காதீர்கள், போகும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்து தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இது தங்கைக்கும்தான்.

சத்துவாச்சாரி இளநிலை:
எல்லாருக்கும் நன்றி. கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன். "வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பேரிடர் நிவாரணப் பணிக்கு மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் எந்நேரமும் செல்லத் தயாராக உள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பயிற்சிச் சான்று நகல் இணைத்துள்ளேன். உரிய பணி ஆணை வழங்கி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்." இது போதுமா?

காட்பாடி அஞ்சல்:
"எந்நேரமும்" வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை வைத்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் 1077 உதவி எண்ணுக்கு வரும் போன் எடுக்க உட்கார வைப்பார்கள்.

பழைய தாசில்:
அதையும் செய்யலாம், கெட்ட வேலை இல்லை. ஆனால் அஞ்சல் சொல்வது சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று காலம் போடுங்கள், ஒரு தடவைக்கு இத்தனை நாள் வரை என்றும் போடுங்கள். முகாம் பதிவேடு, முதலுதவி என்று உங்களால் முடிந்த வேலையைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் சரக்கு இறக்க அனுப்புவார்கள். "வழியாக" என்று அலுவலகத் தலைவர் பதவியைப் போட்டுத் தபால் பதிவேட்டில் எண் வாங்குங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அந்த எண்ணை வைத்து நினைவூட்டுக் கடிதம் போடலாம்.

மின்வாரிய கேங்:
ரத்த வகையையும் வீட்டு போன் நம்பரையும் கடைசி வரியில் எழுதிடு தங்கச்சி. உன் போன் தண்ணியில போயிடும்.